கைடுக்குள் ஒரு பசு

வலியசாலை,
திருவனந்தபுரம்.
18-7-1996

நமஸ்காரம்.

இங்கே என் பிறந்த வீட்டில் ஓடு மாற்றும் வேலை முடிந்துவிட்டது. முடிந்ததும் திருநெல்வேலிக்குத் திரும்பிவிடுவேன் என்று சொல்லித்தான் புறப்பட்டேன். திரும்பவில்லை என்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள். காபி தாமதமாக வந்திருக்கும், அல்லது வந்தே இருக்காது. காரணத்தை இன்று எழுதுகிறேன். பி.ஏ. ஆங்கிலம் மெயினுக்குப் பதிவு செய்துகொண்டிருக்கிறேன்.

இதைப் படித்தவுடன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பீர்கள். துடைத்துவிட்டு மேலே படியுங்கள்.

இங்கே பிரைவட் ரிஜிஸ்ட்ரேஷன் என்று ஒன்று உண்டு. கல்லூரியில் இடம் கிடைக்காதவர்களும், கிடைத்துத் தோற்றவர்களும் பெயரைப் பதிந்து தேர்வு மட்டும் எழுதலாம். அவர்களுக்குப் பாடம் நடத்தத் தெருவுக்கொரு பாரலல் காலேஜ் முளைத்திருக்கிறது. நான் சேர்ந்திருப்பது தம்பானூரில், ஒரு லாட்ஜின் மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில். நம் கல்யாணத்துக்கு முன் நான் வாங்கிய கணிதப் பட்டம் இப்போதுதான் முதல் முறையாக ஒரு காரியத்துக்கு உதவியிருக்கிறது. ஏற்கெனவே பட்டதாரி என்பதால் மொழிப் பாடங்கள் வேண்டாம். இரண்டு ஆண்டில் முடித்துவிடலாம் என்றார்கள்.

சேர்க்கைக்குப் போனபோது பிரின்சிபால் நாற்காலி போட்டு உட்காரவைத்து, "மோளுடெ பேரெந்தா?" என்று மகளின் பெயரைக் கேட்டார்.

"ஜெயலக்ஷ்மி."

எழுதிக்கொண்டார். "அம்மயுடெ பேரோ?"

"அவள் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆச்சு. படிக்கப் போறது நானாக்கும்" என்றேன்.

மனிதர் பேனாவை மூடி வைத்துவிட்டு, மறுபடி திறந்தார்.

ஏன் இந்த வயதில் என்று கேட்பீர்கள். மே மாதம் உங்கள் பழைய மாணவர்கள் வந்திருந்த அன்று நடந்ததை நான் மறக்கவில்லை. அந்தக் கலங்கரை விளக்கக் கவிதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள். புருஷன் கடலோடு போய்த் திரும்பி வராத ஒருத்தி, இரவெல்லாம் விளக்கை அணையாமல் காக்கிறாள். அவள் காத்திருப்பின் சின்னம், பதிவிரதையின் உருவம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தட்டை எடுக்க வந்த நான், அந்தக் கவிதை முழுவதிலும் அவள் ஒரு தடவைகூடக் கடலைப் பார்க்கவில்லை, விளக்கை மட்டும்தான் பார்க்கிறாள் என்றேன். பால் காய்ச்சுகிறவள் பாலைப் பார்ப்பாளா, பசுவை நினைத்துக்கொண்டிருப்பாளா என்றும் கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். "கவிதை அடுப்படி விவகாரமில்லை ஜெயம். கணக்குப் படித்தவர்கள் எண்ணத்தான் செய்வார்கள். இன்னொரு சுற்றுக் காபி கொண்டுவா" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். இந்த ஊர்க் கல்லூரி ஒன்றில் வேலை பார்க்கும் நெல்லையப்பன் மட்டும் சிரிக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

காபி கொண்டுவந்தேன். அது கடைசிச் சுற்று.

எனக்குச் சொல்லத் தகுதி உண்டா இல்லையா என்பதை இனி ஒரு பல்கலைக்கழகம் சொல்லட்டும். நீங்கள் சொல்ல வேண்டாம்.

ஜெயலக்ஷ்மி

*

திருநெல்வேலி டவுண்.
27-7-1996

சௌபாக்கியவதி ஜெயலக்ஷ்மிக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை.

முப்பத்து நான்கு வருஷம் ஆங்கிலம் போதித்தவனுடைய மனைவி, லாட்ஜ் மாடியில் பெஞ்சில் உட்கார்ந்து, வேலை கிடைக்காத பையன்களிடம் அதே பாடத்தைக் கேட்கிறாள் என்பது ஊருக்குத் தெரிந்தால் யாருக்கு இழுக்கு என்று நீ யோசித்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆறே மாதத்தில் நானே உன்னைத் தயார் செய்திருப்பேன். இப்போதும் கெட்டுப்போகவில்லை. என் குறிப்புகள் அனைத்தும் அலமாரியில் இருக்கின்றன. திரும்பி வா, அல்லது, வரத்தான் மாட்டாய் என்றால், தபாலில் அனுப்புகிறேன்.

அன்று நான் சொன்னது வேடிக்கைக்குச் சொன்னது. சபையில் ஒரு பேச்சு எழும், அடங்கும். அதை மனத்தில் வைத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போவது உன் படிப்புக்கும் வயதுக்கும் அழகில்லை.

மாணவர்கள் அடுத்த வருஷக் கடைசியில் எனக்கு ஒரு பாராட்டு விழா நடத்த உத்தேசித்திருக்கிறார்கள். மலரும் வெளியிடுகிறார்கள். நெல்லையப்பன்தான் பதிப்பாசிரியர். மேடையில் உனக்கும் ஒரு நாற்காலி உண்டு. அது காலியாக இருந்தால் நான் என்ன பதில் சொல்ல?

மெஸ்ஸிலிருந்து எடுப்புச் சாப்பாடு வருகிறது. ரசம் என்று ஒன்றை அனுப்புகிறார்கள். மாலையில் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் ஜங்ஷன் வரை நடந்து, போகிற வருகிற ரயில்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். நடப்பது உடம்புக்கு நல்லதுதான்.

ஒன்று மட்டும் கட்டாயமாகச் சொல்கிறேன். என்ன ஆனாலும் கடைத்தெருக் கைடுகளை வாங்காதே. அவை சிந்திக்கும் சக்தியைக் கொன்றுவிடும். என் வகுப்பில் கைடு வைத்திருந்தவனை நான் வெளியே நிறுத்தியிருக்கிறேன் என்பது உனக்கே தெரியும்.

நாகேஸ்வரன்

*

வலியசாலை.
3-9-1996

நமஸ்காரம்.

குறிப்புகளை அனுப்ப வேண்டாம். அலமாரியிலேயே இருக்கட்டும், எலிகளுக்கும் உயர்கல்வி வேண்டியிருக்கிறது.

வகுப்பு எப்படி நடக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். கவிதை எடுப்பவர் பிரஜின் என்கிற பையன். சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடையில் வேலை பார்க்கும் தமிழரின் மகன், எம்.ஏ. முடித்து, அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வு எழுதிவிட்டுக் காத்திருக்கிறார். ஆங்கிலக் கவிதையை ஒரு வரி ஆங்கிலத்தில் வாசிப்பார், மலையாளத்தில் விளக்குவார், பிறகு பதிலை ஆங்கிலத்தில் சொல்லி எழுதச் சொல்வார். மழை பெய்தால் கூரைச் சத்தத்தில் எதுவும் கேட்காது. அப்போது எல்லோரும் அவர் வாயைப் பார்த்து எழுதுவார்கள். ஜூனில் தொடங்கிய மழை இன்னும் ஓயவில்லை என்பதால், இந்த ஆண்டு மாணவர்களின் விடைகள் பெரும்பாலும் வாயசைவின் விளைவுகள்.

என் பக்கத்தில் ஜெபமலர் உட்காருகிறாள். போனக்காட்டில் தேயிலை பறிக்கும் குடும்பம். பத்தாவது வரை தமிழில் படித்தவள். வாரத்தில் ஐந்து நாள் மகளிர் விடுதி, சனிக்கிழமை பஸ் கிடைத்தால் மலைக்குப் போவாள். முதல் வாரம் என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்: "மாமி, சாரு மலையாளத்துல சொல்லுறது எனக்கு வெளங்குது. எழுதச் சொல்லுறது இங்கிலீசு. எனக்குள்ள ஓடுறது தமிழு. மூணும் ஒண்ணுக்கொண்ணு மொகம் பாத்துக்கிறதே இல்ல."

நீங்கள் முப்பத்து நான்கு வருஷம் போதித்ததில் இப்படி ஒரு வாக்கியம் சொன்ன மாணவர் உண்டா?

கைடு விஷயம். நீங்கள் கவலைப்பட வேண்டாம். வகுப்பில் என்னைத் தவிர எல்லோரிடமும் ஒரே கைடுதான் இருக்கிறது: 'பேராசிரியர் தாணுமாலையன்' என்று அட்டையில் போட்ட மஞ்சள் புத்தகம். இந்தப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் மெயின் எடுப்பவர்களுக்கு அவர்தான் வேதவியாசராம். "மாமி, தாணுமாலையன் இல்லாதெ ஆரும் பாஸானதில்லை கேட்டேளா?" என்று பிரஜின் சாரே சொல்கிறார். நான் வாங்கவில்லை. திறந்தும் பார்க்கவில்லை. உங்களிடம் எனக்கு எத்தனையோ குறை உண்டு; கைடை வெறுப்பது மட்டும் நான் மதித்த ஒரு குணம். அதை என் படிப்பிலும் கடைப்பிடிக்கிறேன். சொந்த வார்த்தையில் எழுதித் தேறுவேன், அல்லது தேறமாட்டேன்.

எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. முன்கட்டில் உட்கார்ந்தால் கோவில் மணி, பின்கட்டில் பக்கத்து வீட்டு ஓமனாவின் டி.வி. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக மாறுகிறேன். ஒரு பக்கம் படிப்பதற்குள் மூன்று தடவை எழுந்துவிடுகிறேன். இத்தனை வருஷம் யாராவது கூப்பிட்டு எழுந்தேன். இப்போது கூப்பிட ஆளில்லை, கால் தானாக எழுகிறது.

ஜெயலக்ஷ்மி

*

திருநெல்வேலி டவுண்.
11-9-1996

ஜெயம்,

அந்த மஞ்சள் புத்தகத்தைத் திறக்கவில்லை என்று எழுதியிருந்தாய். நல்லது. இனியும் திறக்காதே. தாணுமாலையன் என்பவர் யார், என்ன படித்தவர் என்று எவருக்கும் தெரியாது. தவறுகள் மலிந்திருக்கும்.

பிரஜின் என்கிற ஆசிரியரிடம் என் பெயரைச் சொல்லியிருக்கிறாயா? சொல்ல வேண்டாம். சங்கடப்படுவார்.

ஸ்மிதா புனாவிலிருந்து தொலைபேசியில் பேசினாள். அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். படிக்கிறாள் என்றேன். "அது தெரியும்ப்பா, உனக்கு என்ன ஆச்சு?" என்றாள். இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பேசத் தெரியவில்லை.

நாகேஸ்வரன்

*

வலியசாலை.
22-6-1997

பேராசிரியர் தாணுமாலையன் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நூலை நேற்றுத்தான் முதன்முதலாகத் திறந்து பார்க்கும் பாக்கியம் கிடைத்தது.

எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்ல வேண்டும். முதல் ஆண்டு முடிவுகள் வந்தன. மற்ற தாள்களில் தேறிவிட்டேன். கவிதைத் தாளில் இருபத்தொன்பது. தேற முப்பத்தைந்து வேண்டும். அந்தத் தாளில் பெரிய கேள்வி, கலங்கரை விளக்கக் கவிதை. நான் என் சொந்தக் கருத்தை, என் சொந்த வார்த்தையில், பாலும் பசுவுமாக ஆறு பக்கம் எழுதியிருந்தேன். என் வாழ்நாளில் அத்தனை நிம்மதியாக எதையும் எழுதியதில்லை.

பிரஜின் சாரிடம் போய் என்ன எழுதினேன் என்று சொன்னேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"அய்யோ மாமி, அது கைடு ஆன்சராக்கும்! மாமியும் அந்தப் பசுவையா எழுதி வெச்சேள்? பேப்பர் திருத்தற கேம்ப்ல அந்தப் பசுவைக் கண்டாலே சாருமாருக்குக் கலி வரும். கட்டுக்கட்டா அதே பசு. இந்தத் தடவை கைடைக் காப்பியடிச்சவா எல்லாருக்கும் ஒரே வெட்டாக்கும்."

"நான் கைடைப் பார்த்ததே இல்லை" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தானே மாமி பறயறது" என்றார், மிகவும் அன்பாக. அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. காப்பியடித்துவிட்டு இல்லையென்று சாதிக்கும் கிழவி.

ஜெபமலர் தன் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினாள். அவள் வாங்கிய மதிப்பெண் முப்பத்தெட்டு. பசுவோடு கூடக் கொஞ்சம் சொந்தச் சரக்கும் சேர்த்திருந்தாளாம். பக்கத்தில் இருந்தது, ஆங்கிலத்தில், அச்சில்: அவள் ஒரு முறையேனும் கடலை நோக்கினாளில்லை, பால் காய்ச்சுகிறவள் பசுவை நினைப்பதில்லை.

இந்த உலகத்தில் எத்தனையோ பேராசிரியர்கள் இருக்கலாம். அவர்களில் ஒருவருக்கு இதே எண்ணம் தோன்றியிருக்கலாம் என்றுகூட நினைத்துப் பார்த்தேன். ஆனால் பசு? முன்பக்கத்தைத் திருப்பினேன். 'முதற்பதிப்பு 1986.' நீங்கள் டைபாய்டில் படுத்தது எண்பத்து நான்கில். அப்போது அந்தக் கவிதையை நான் உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். அடுப்பில் பால். ஒரு காதை அங்கே வைத்துக்கொண்டு, இதையே அன்றும் சொன்னேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள். தூங்குகிறீர்கள் என்று நினைத்தேன்.

பிறகு தாணுமாலையன் யார் என்பதற்குத் துப்பறிய வேண்டியிருக்கவில்லை. சுசீந்திரத்தில் பிறந்தவர் நீங்கள். அந்தக் கோவில் சுவாமியின் பெயரை இரவல் வாங்கியிருக்கிறீர்கள். சொந்த மாணவர்களுக்குத் தெரியக்கூடாது என்று மாநிலம் தாண்டி வந்து அச்சிட்டிருக்கிறீர்கள். இந்தப் பக்கத்தில் உங்களைக் கண்டுபிடிக்க யார் இருக்கிறார்கள் என்று நம்பியிருப்பீர்கள். பெண்டாட்டி பிறந்த ஊர் என்பது நினைவுக்கு வரவில்லை. பெண்டாட்டி படிப்பாள் என்பது கற்பனைக்கே வரவில்லை.

மே மாதச் சிரிப்பும் இப்போது புரிகிறது. நெல்லையப்பன் என்னை ஏன் நிமிர்ந்து பார்த்தார் என்று ஒரு வருஷமாக எனக்குள் ஒரு சின்னப் பெருமை இருந்தது. அவர் இந்த ஊரில் விடைத்தாள் திருத்துகிறவர். அந்தப் பசுவை நூறு தாளில் பார்த்திருப்பவர். இவள் வாயில் தாணுமாலையன் எப்படி வருகிறான் என்று பார்த்தார். அதை மறைக்கத்தான் நீங்கள் சிரித்தீர்கள். என்னைக் காபி போட அனுப்பினீர்கள்.

என் கருத்தை எடுத்துக்கொண்டதைக்கூட விட்டுவிடலாம். எடுத்துக்கொண்ட பிறகு அதையே அடுப்படி விவகாரம் என்றீர்கள் பாருங்கள்.

அடுத்த ஏப்ரலில் இந்தத் தாளை மறுபடி எழுத வேண்டும். அதே கவிதை. எனக்குத் தெரிந்தது ஒரே கருத்து. அதை எழுதினால் நான் திருடி. எழுதாவிட்டால் நான் யார்?

ஜெயலக்ஷ்மி

*

திருநெல்வேலி டவுண்.
9-7-1997

ஜெயம்,

நிதானமாக எழுதியிருக்கலாம்.

உலகத்தில் கைடு என்று ஒன்று இல்லாவிட்டால், உன் தோழி போன்ற மலைத்தோட்டத்துப் பெண்கள் எதைப் பிடித்துக்கொண்டு கரையேறுவார்கள் என்று யோசித்தாயா? என் ஆராய்ச்சி நூல் வெளிவந்து இத்தனை ஆண்டாகிறது. அதைப் படித்தவர்களை என் கைவிரல்களுக்குள் அடக்கிவிடலாம்; அதில் ஒருவர் அச்சுப் பிழை பார்த்தவர். தாணுமாலையனை ஊரே மனப்பாடம் செய்கிறது. மனிதனுக்கு அந்த ஆசை இருக்கக்கூடாதா?

கருத்தைப் பொறுத்தவரை, ஒரே கூரையின் கீழ் இத்தனை காலம் வாழ்ந்த இரண்டு பேரில் எது யாருக்குத் தோன்றியது என்று பிரிப்பது பாகப்பிரிவினை மாதிரி. நல்ல குடும்பங்களில் அதைச் செய்யமாட்டார்கள்.

உன் தாளுக்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். அதே கவிதைக்கு முற்றிலும் வேறான ஒரு விடை எழுதி அனுப்புகிறேன். எந்தக் கைடிலும் இராது. அறுபதுக்குக் குறையாது.

நாகேஸ்வரன்

*

வலியசாலை.
17-7-1997

நமஸ்காரம்.

பாகப்பிரிவினைதான். செய்துவிடுவோம்.

வீடு, பாத்திரம், ஸ்மிதாவின் கல்யாண ஆல்பம் எதுவும் எனக்கு வேண்டாம். அந்த ஒரு வாக்கியம் வேண்டும். அடுத்த பதிப்பில் அதன் கீழே இது யாருடைய கருத்து என்று என் பெயரைப் போடுங்கள். மன்னிப்பு எழுத வேண்டாம், எழுதினால் நடை கெட்டுவிடும்.

தாணுமாலையனுக்கு ஜெயலக்ஷ்மியை எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் என்ன செய்வது என்பது உங்கள் கஷ்டம். மலர், மேடை, நாற்காலி எல்லாவற்றையும் யோசித்துக்கொள்ளுங்கள். யோசிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. எனக்கு ஏப்ரல் வரைதான்.

அறுபது மதிப்பெண் விடையைத் தபாலில் சேர்க்காதீர்கள். உங்களிடமிருந்து ஒரு விடையை வாங்கி எழுதுவதற்குத் தம்பானூர் மாடிப்படி ஏற வேண்டியதில்லை, திருநெல்வேலியிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

இதற்குச் செயலில் பதில் வந்தால் போதும். கடிதத்தில் வேண்டாம்.

ஜெயலக்ஷ்மி

*

திருநெல்வேலி டவுண்.
14-12-1997

ஜெயம்,

ஐந்து மாதமாக நான் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. கேட்டதற்கு இது பதில் அல்ல. வெறும் க்ஷேம சமாசாரம்.

பாராட்டு விழாவைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். தேதி குறிப்பிடவில்லை. நெல்லையப்பன் மரியாதையாக ஒரு கடிதம் எழுதினான். மலருக்கு வந்த கட்டுரைகளை அவரவருக்கே திருப்பி அனுப்புகிறானாம். மாலையில் ஜங்ஷனுக்கு நடக்கும்போது இரண்டு பேர் எதிரே வந்து, தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போனார்கள். என் மாணவர்கள்தான். கைடு வைத்திருந்ததற்காக அவர்களில் ஒருவனை வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

மெஸ் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். காபி நானே போட்டுக்கொள்கிறேன். நேற்றுப் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. வேறெங்கும் போகவில்லை, எதிரிலேயே நின்று பாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியும் பொங்கியது எப்படி என்று தெரியவில்லை.

அங்கே குளிர் அதிகமிராது என்று நினைக்கிறேன்.

நாகேஸ்வரன்

*

வலியசாலை.
26-4-1998

நமஸ்காரம்.

நேற்றுக் கவிதைத் தாள் முடிந்தது. மற்றவையும் முடிந்தன. கையில் இங்க் கறை போகவில்லை.

ஜனவரியிலேயே எழுதியிருக்க வேண்டும். பேனாவை எடுப்பேன், எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவேன், திறப்பேன், அதோடு சரி. இப்போது வரிசையாகச் சொல்கிறேன்.

மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ள ஜெபமலரும் கவிதைத் தாளை மறுபடி எழுதுகிறாள்; பொங்கல் விடுமுறை கழிந்து வகுப்புக்கு வந்தபோது புதுப்பதிப்பு வாங்கி வந்திருந்தாள். மஞ்சள் அட்டை போய்ப் பச்சை அட்டை. 'நாகேஸ்வரன் (தாணுமாலையன்)' என்று உங்கள் முழுப் பெயரும் பட்டமும் பழைய கல்லூரியின் பெயரும் இருந்தன. அந்த அளவுக்கு நான் கேட்கவில்லை. தெருவைக் கடந்துபோன மாணவர்களைப் பற்றி நீங்கள் எழுதியது அப்போதுதான் முழுதாக விளங்கிற்று. உள்ளே பசுவுக்குக் கீழே ஒரு குறிப்பு: 'இக்கருத்து திருமதி ஜெயலக்ஷ்மி அவர்களுடையது. நூலாசிரியர் அதைக் கேட்டு எழுதிக்கொண்டவர் மட்டுமே.' மன்னிப்பு இல்லை. நடை கெடவில்லை.

பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கவிதைத் தாள் எழுதுகிறவர்களுக்கான அடுத்த வகுப்பில் பிரஜின் சார், "இதுவரைக்கும் இந்தப் பாயிண்டை நம்ம சொந்தம் மாதிரி எழுதினதுனாலதானே மார்க் போனது? இனி ஆளோட பேரையும் சேர்த்து எழுதணும். எழுதிக்கோங்கோ, 'பிரபல விமர்சகர் ஜெயலக்ஷ்மி கூறுவது போல'" என்று சொல்லி எழுதவைத்தார். அறுபது பேரும் குனிந்து எழுதினார்கள். நானும் எழுதினேன்.

ஜெபமலர் என் முழங்கையை இடித்தாள். "மாமி, அவங்களுக்கும் ஒங்க பேருதான்!"

"இந்த ஊர்ல தெருவுக்கு நாலு ஜெயலக்ஷ்மி இருக்காடி. எழுது" என்றேன்.

"அவங்க பெரிய படிப்பாளியா இருப்பாங்க, இல்ல மாமி?"

"ஒரு வரி சொல்லியிருக்கா. அதுக்குள்ளே என்ன தெரியும்?"

ஆக, நான் கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்த அன்று மாலையே ஒரு சங்கடம் தெரிந்தது. இப்போது அந்தக் கருத்து முன்பைவிட அதிகமாகக் கைடினுடையது. ஊரே இனி அதை என் பெயரோடு எழுதும். தேர்வில் நான் எழுதினால் பத்தோடு பதினொன்று. என் வாயை என் பெயரே அடைத்துவிட்டது. இதற்கு உங்களைக் குற்றம் சொல்ல வழி தேடினேன், கிடைக்கவில்லை. எனக்கு அது புது அனுபவம்.

அன்று முதல் கவிதையை மறுபடி படித்தேன், கைடுக்காக அல்ல. அறை அறையாக நடந்துகொண்டே படித்தேன். ஓமனா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "மாமிக்கு எந்து பற்றி? நிலம் தேய்ஞ்சு போவுமே" என்று எனக்கு என்ன ஆயிற்றென விசாரித்தாள். நடுவில் உங்கள் டிசம்பர்க் கடிதமும் ஒரு தடவை கண்ணில் பட்டது. புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்தேன், வேறு காரணமில்லை.

நேற்றுக் கேள்வித்தாளில் அந்தக் கவிதை வந்தது. எனக்கு முன்னால், பின்னால், பக்கத்தில் எல்லோரும் பிரபல விமர்சகரை எழுதிக்கொண்டிருந்தார்கள்; பேனாக்கள் ஒரே இடத்தில் நின்று ஒரே இடத்தில் புறப்பட்டன. நான் எழுதியதன் சாரம் இது.

'அவள் கடலைப் பார்க்கவில்லை என்பது உண்மை. ஆனால் அதிலிருந்து அவள் காத்திருக்கவில்லை என்று திருமதி ஜெயலக்ஷ்மி முடிவு கட்டுவது அவசரம். அவர் கோபத்தோடு படித்திருக்கிறார். கண் ஓரிடத்தில் இருந்தால் மனமும் அங்கேயே இருக்கும் என்பதற்கு எந்த நிரூபணமும் இல்லை. பாலையே பார்த்துக்கொண்டு நிற்பவரின் எதிரிலும் பால் பொங்கி வழிவதுண்டு.'

ஆறு பக்கம் வந்தது. கூடுதல் தாள் வாங்கினேன். எந்தக் கைடிலும் இது இல்லை. பிரபல விமர்சகரை மறுத்ததற்காக மதிப்பெண் குறைந்தால் குறையட்டும். அது எனக்கே எனக்கு வந்த குறைவாக இருக்கும்.

வெளியே வந்ததும் பிரஜின் சார் கேட்டார்: "ஜெயலக்ஷ்மி மேடத்தை எழுதினேளா மாமி?" எழுதினேன் என்றேன். பொய்யில்லை.

முடிவு எப்போது வருமென்று தெரியாது. வரும்வரை இந்த ஊரை விட்டு நான் நகர்வதாக இல்லை, வந்த பிறகும் உறுதி சொல்வதற்கில்லை, எம்.ஏ.வுக்கும் தனியாகப் பதியலாம் என்கிறார்கள். உங்களுக்கு அங்கே தெருவைக் கடந்து போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை இல்லையென்றால் இங்கே வரலாம். முன்கட்டு அறையில் ட்யூப்லைட் இருக்கிறது. காபிப் பொடி அரைக்கும் கடை பக்கத்திலேயே. நீங்கள் போடுவது எனக்கும் சேர்த்து. நான் சத்தமாக வாசிக்கும்போது கேட்கலாம். விளக்கம் சொல்லக்கூடாது. அது ஒன்றுதான் நிபந்தனை.

தம்பானூரில் இறங்கினால் நடந்தே வந்துவிடும் தூரம். எந்த பஸ் என்று எழுத வேண்டாம். நான் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. மின்வெட்டு இல்லையென்றால் வாசல் விளக்கு எரியும்.

ஜெயலக்ஷ்மி